இடத்தை நிரப்ப வந்த பாடல்

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகைப் பக்கங்களை அமைத்த காலத்தில் ஆசிரியபீடங்களில் 'பில்லர்' என்றொரு சொல் நாளாந்தப் புழக்கத்தில் இருந்தது. பக்கம் முடியும் தறுவாயில் ஏதோவொரு பத்தியின் அடியில் மூன்று அங்குல இடம் வெறுமையாகக் கிடக்கும். அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்பார். மேசையில் இருக்கும் உதவி ஆசிரியர் கையில் அகப்பட்ட செய்தியொன்றை எடுத்து ஐந்து நிமிடத்தில் ஏழெட்டு வரிகள் எழுதிக் கொடுப்பார். இடம் நிரம்பும், பக்கம் அச்சேறும். மறுநாள் காலையில் எழுதியவருக்கே அது நினைவிராது. ஆனால் சிலவேளைகளில் ஒரு விசித்திரம் நிகழ்வதுண்டு. மாதக்கணக்கில் உழைத்து எழுதிய தொடர் கட்டுரையைப் பற்றி ஒரு வாசகர் கடிதம்கூட வந்திராது. அந்த மூன்று அங்குலத்தைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கும் ஒருவரை இருபது ஆண்டுகள் கழித்து ஏதோவொரு கலியாண வீட்டில் சந்திப்போம்.

இசையுலகில் நிகழ்ந்த அத்தகைய ஒரு 'பில்லரின்' கதையையே இங்கு எழுத விரும்புகிறேன். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில், இசைத்தட்டில் சில நிமிட இடம் மிஞ்சிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நான்கு இளைஞர்கள் அவசர அவசரமாக ஒரு பாடலை உருவாக்கினார்கள். மூன்று நிமிடத்துக்கும் குறைந்த அந்தப் பாடலின் பெயர் 'பரனோயிட்'. அந்த இளைஞர்களின் குழுவுக்குப் பெயர் பிளக் சபாத். ஹெவி மெற்றல் என்று இன்று அழைக்கப்படும் வன்மையான றொக் இசைவகையின் மூலவர்கள் என்று பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வது இவர்களைத்தான். அந்த இசைவகை முழுவதிலும் மிகப் பரவலாக அறியப்பட்ட பாடல்களுள் ஒன்றாக, இடம் நிரப்ப வந்த அந்தப் பாடலே நிலைத்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இசை விமர்சகன் அல்லன். நாதஸ்வரமும் பழைய திரைப்பாடல்களும் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த இசை நீண்ட காலமாக வெறும் இரைச்சலாகவே பட்டது. அந்த எண்ணம் மாறிய விதத்தைப் பின்னர் கூறுகிறேன்.

பிளக் சபாத் குழுவினர் நால்வரும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், அஸ்டன் என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர்கள். கிற்றார் வாசித்த டொனி அயோமி, தாளவாத்தியக் கலைஞர் பில் வோர்ட், பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் ஆகிய மூவரும் 1948இலும், பேஸ் கிற்றார் வாசித்த கீஸர் பட்லர் 1949இலும் பிறந்தவர்கள். துப்பாக்கி, மோட்டார் சைக்கிள், விமானம் முதல் திருகாணி வரை அனைத்தையும் செய்த நகரம் பேர்மிங்ஹாம். அந்தக் காரணத்தாலேயே இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜேர்மனிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு மிக மோசமாக இலக்கானது. இரண்டாயிரத்துக்கும் அதிகமான மக்கள் அங்கு உயிரிழந்தனர். யுத்தம் முடிந்து பத்தாண்டுகள் கழித்தும் இடிபாடுகள் அகற்றப்படாத காணிகள் தெருவுக்குத் தெரு கிடந்தன. இந்நால்வரின் தலைமுறைக்கு அவைதான் விளையாட்டு மைதானங்கள். யுத்தத்தின் எச்சங்களுக்கிடையே குழந்தைப் பருவத்தைக் கழிப்பது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் தொழிற்சாலை. அதைத் தவிர வேறு வழி அங்கு எவருக்கும் காட்டப்படவில்லை. ஒஸி சிறிது காலம் மோட்டார் வாகன ஹோர்ன்களைச் சோதிக்கும் வேலை செய்தார். பின்னர் இறைச்சிக் கொட்டிலில் வேலை செய்தார். துணிக்கடை ஒன்றில் திருடிப் பிடிபட்டு, தண்டப்பணம் கட்ட முடியாமல் வின்சன் கிறீன் சிறையிலும் சில வாரங்கள் இருந்தார். பட்லர் மட்டும் கணக்காளர் அலுவலகத்தில் பயிலுநராக இருந்தார். டப்ளினிலிருந்து வந்து குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தின் ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை அவர். நால்வரில் புத்தகம் வாசிக்கும் பழக்கமுடையவரும் அவரே.

அயோமியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தார். இசைக்குழு ஒன்றுடன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் செல்லும் வாய்ப்புக் கிடைக்கவே வேலையை விட்டு விலக முடிவு செய்தார். அன்று தொழிற்சாலையில் அவருக்குக் கடைசி நாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விரும்பவில்லை. தொடங்கிய வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பி வைத்தார். தகடு வளைக்கும் அழுத்தப் பொறியை இயக்குபவர் அன்று வரவில்லை. அந்தப் பொறியில் முன்பின் பழக்கமில்லாத அயோமியை அங்கு நிறுத்தினார்கள். பொறி கீழிறங்கியபோது அவரது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகள் துண்டிக்கப்பட்டன.

அயோமி இடதுகைப் பழக்கமுடையவர். அதாவது தந்திகளை அழுத்திச் சுரம் பிடிப்பது அவரது வலது கை. கிற்றார் வாசிப்பவனுக்கு எந்தக் கையில் எந்த விரல்கள் போகக்கூடாதோ அவையே போய்விட்டன. இனி இதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர்கள் கூறினார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்த இளைஞனைப் பார்க்கத் தொழிற்சாலை முகாமையாளர் ஓர் இசைத்தட்டுடன் வந்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்சி இனக் கலைஞரின் கிற்றார் இசை. 1928இல் அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பற்றியபோது இடது கையின் இரு விரல்கள் செயலிழந்துபோக, எஞ்சிய விரல்களால் வாசித்தே ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கலைஞர்களுள் ஒருவரானவர் ஜாங்கோ. கேட்கும்வரை அந்த விபரத்தை முகாமையாளர் சொல்லவில்லை. கேட்டு முடிந்த பின்னரே சொன்னார்.

அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை உருக்கி, விரல்நுனிகளுக்கு அளவான உறைகளைத் தாமே செய்துகொண்டார். தந்தியில் வழுக்காமலிருக்கப் பழைய தோல் மேலங்கி ஒன்றிலிருந்து வெட்டிய துண்டுகளை அவற்றின் மேல் ஒட்டினார். உறை போட்ட விரலுக்குத் தந்தி படுவது தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. சாதாரணத் தந்திகளை அழுத்தினால் வலித்தது. மெல்லிய தந்திகள் அப்போது கடைகளில் இல்லாதபடியால் பன்ஜோவின் தந்திகளைக் கிற்றாரில் மாட்டினார். பல விரல்கள் தேவைப்படும் முழுச் சுரக்கூட்டுகளைப் பிடிப்பது கடினமானதால் இரண்டு மூன்று தந்திகளை மாத்திரம் அழுத்தும் எளிய, கனத்த சுரக்கூட்டுகளை நாடினார். அந்த வெறுமையை ஈடுசெய்ய ஒலியைப் பெருக்கினார், தடிப்பாக்கினார். 1971இல் வெளியான மூன்றாவது இசைத்தட்டில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழிறக்கினார். பின்னாளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் முழுமையான விரல்களை வைத்துக்கொண்டு பின்பற்றிய வாசிப்புமுறை இதுதான்.

பேர்மிங்ஹாமின் சம்மட்டிகளும் அழுத்தப் பொறிகளுமே இந்த இசைக்குத் தாளம் கொடுத்தன என்று எழுதும் ஆய்வாளர்கள் உண்டு. குழுவினரும் அவ்வாறு கூறியதுண்டு. கேட்க அழகாக இருந்தாலும் நான் அதை ஓரளவுக்கே ஏற்பேன். தொழிற்சாலைகள் மான்செஸ்டரிலும் இருந்தன, மும்பாயிலும் இருந்தன. பொறியின் ஓசையைவிட அந்தப் பொறி எடுத்துக்கொண்ட இரண்டு விரல்நுனிகளுக்கே இந்த இசையின் பிறப்பில் அதிக பங்கு உண்டென்று எனக்குத் தோன்றுகிறது.

1968இல் ஒன்றுசேர்ந்த நால்வரும் முதலில் வேறு பெயர்களில் புளூஸ் இசை வாசித்தனர். 1969இல், மரியோ பாவா என்ற இத்தாலிய நெறியாளர் 1963இல் எடுத்த பேய்ப்படம் ஒன்றின் ஆங்கிலப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். மக்கள் பயப்படுவதற்காகப் பணம் கொடுத்துப் படம் பார்க்கிறார்களே, பயமுறுத்தும் இசையை நாம் ஏன் வாசிக்கக்கூடாது என்பதே அவர்களது எளிமையான வணிகச் சிந்தனை. ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. எதிர்பாராத விதமாக விற்பனையானது. உடனே இரண்டாவது இசைத்தட்டுக்குக் கட்டளை வந்தது.

அந்த இரண்டாவது இசைத்தட்டின் மையமாக அவர்கள் கருதியது வேறொரு பாடலை. 'வோர் பிக்ஸ்', அதாவது போர்ப் பன்றிகள் என்பது அதன் பெயர். ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் பாதுகாப்பாக இருக்கும் அரசியல்வாதிகளையும் தளபதிகளையும் சபிக்கும் பாடல் அது. கிட்டத்தட்ட எட்டு நிமிடங்கள் நீளும். வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அவ்வாண்டு மே மாதத்தில்தான் அமெரிக்காவின் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யுத்த எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது நான்கு மாணவர்களைத் தேசியக் காவற்படையினர் சுட்டுக் கொன்றனர். இசைத்தட்டுக்கே 'வோர் பிக்ஸ்' என்று பெயரிடுவதென முடிவாகியிருந்தது. வாளும் கேடயமும் தலைக்கவசமுமாக மரத்தின் பின்னாலிருந்து பாயும் ஒரு மனிதனின் படம் உறைக்காகத் தயாரிக்கப்பட்டது.

எல்லாம் பதிவாகி முடியும் வேளையில் தயாரிப்பாளர் ரொஜர் பெய்ன், நேரம் போதவில்லை, இன்னும் மூன்று நிமிடத்துக்கு ஏதாவது வேண்டும் என்றார். அடுத்து நடந்தவற்றை நால்வரும் பிற்காலத்தில் சற்று வெவ்வேறு விதமாகவே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஐம்பதாண்டு காலம் செய்தியாளனாக இருந்தவனுக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. ஒரே சம்பவத்தைப் பார்த்த நால்வர் ஒரே மாதிரிச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். பொதுவாகப் பொருந்தி வரும் செய்தி இதுதான். மற்றவர்கள் சாப்பிடுவதற்காக வெளியே போயிருந்த நேரத்தில் அயோமி தனியே இருந்து கிற்றாரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பி வந்தபோது பாடலின் அடிப்படை இசைக்கோப்புத் தயாராக இருந்தது. வோர்ட் உட்கார்ந்து தாளம் பிடித்தார். லெட் செப்பலின் குழுவின் பாடல் ஒன்றைப் போல இருக்கிறதே என்று பட்லர் ஆட்சேபித்தார், பெரும்பான்மை வென்றது. பட்லர் விறுவிறென்று காகிதத்தில் வரிகளை எழுத, ஒஸி அதைப் பார்த்தபடியே பாடினார். தொடக்கம் முதல் முடிவு வரை அரை மணித்தியாலத்துக்குள் ஆன வேலை.

அந்தப் பாடலில் அலங்காரம் எதுவும் இல்லை. அந்தக் குழுவின் மற்றப் பாடல்கள் யானை நடப்பதுபோல மெதுவாக நகர்பவை. இதுவோ மூச்சு வாங்க ஓடுகிறது. பல்லவி என்று சொல்லத்தக்க பகுதி கிடையாது. ஒரே இசைத்துண்டு விடாமல் தட்டப்பட்டுக்கொண்டே இருக்க, பாடகர் செய்தி வாசிப்பவரைப்போல ஏற்ற இறக்கமின்றித் தன் நிலையைச் சொல்லிக்கொண்டு போகிறார். நடுவில் வரும் கிற்றார் தனியிசை, ஒலியைச் சிதைக்கும் மின்கருவி ஒன்றினூடாகச் செலுத்தப்பட்டு, உடைந்த வானொலிப் பெட்டியிலிருந்து வருவது போலக் கரகரக்கிறது. சட்டென்று முடிந்துவிடுகிறது. நேரமில்லாதபடியால் எதையும் செதுக்கவில்லை. செதுக்காதபடியால் எதுவும் ஒளிக்கப்படவுமில்லை.

பாடல் என்ன சொல்கிறது? எனக்குத் தெரிந்தவரை, சாதாரண மக்கள் கேட்கும் இசையில் அதுவரை எவரும் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. பேசுபவன் ஓர் இளைஞன். தன் மனதுக்கு உதவ முடியாத பெண்ணைப் பிரிந்துவிட்டான். எந்நேரமும் முகம் சுருங்கியிருப்பதால் மற்றவர்கள் அவனைப் பைத்தியக்காரன் என்று நினைக்கிறார்கள். நாள் முழுவதும் யோசித்தாலும் மனம் எதிலும் நிலைகொள்வதில்லை. பிறருக்கு மகிழ்ச்சி தரும் விடயங்கள் அவனுக்கு உணர்விலேயே தைப்பதில்லை. ஏன் என்றும் அவனுக்குத் தெரியாது. கடைசியில், என் நிலைமையை உனக்குச் சொல்லிவிட்டேன், நீயாவது உன் வாழ்க்கையை நன்றாக வாழ் என்று கேட்பவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிறுத்துகிறான்.

'பரனோயிட்' என்ற சொல் பாடலுக்குள் ஓரிடத்திலும் வருவதில்லை. அச்சொல்லின் பொருள், பிறர் தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற ஆதாரமற்ற ஐயம். பாடலில் அப்படி ஓர் ஐயமும் இல்லை. அதில் இருப்பது முழுக்க முழுக்க மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். தாமும் ஒஸியும் படித்த பள்ளிக்கூடத்தில் அத்தகைய சொற்களுக்கு இடமே இருந்ததில்லையென்றும், எழுத்து வேலையை அதனாலேயே பட்லரிடம் விட்டுவிட்டதாகவும் அயோமி தமது சுயசரிதையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பட்லருக்கும் சரியான சொல் தெரிந்திருக்கவில்லை. தம்மைப் பற்றியே தாம் எழுதியதாகவும், அப்போது அந்த இரு நிலைகளுக்குமிடையிலான வேறுபாடு தமக்குத் தெரியாதென்றும் அவர் பின்னாளில் கூறினார். இளம் வயது முதலே அவருக்கு அந்த நோய் இருந்தது. மருத்துவர்களிடம் போனால், மதுச்சாலைக்குப் போய் இரண்டு கிளாஸ் குடி, நாயைக் கூட்டிக்கொண்டு உலாவப் போ என்ற வகையான ஆலோசனைகளே கிடைத்தன. நோய் இன்னதென்று கண்டறியப்பட்டு முறையான சிகிச்சை கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. அதற்குள் அவர் எழுதிய நோய்க்குறிப்பு கோடிக்கணக்கான மக்களின் வாயில் பாட்டாகியிருந்தது.

என் எண்ணம் மாறிய கதையை இங்குதான் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் லண்டனில் என் சகோதரியின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பதினாறு வயதில் தனியாக நாட்டை விட்டு அனுப்பப்பட்டு, பின்னர் பெற்றோருடன் சேர்ந்துகொண்ட மருமகன் அந்த வீட்டின் மாடியறையில் இருந்தான். வேலைக்குப் போவான், வருவான், கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளேயிருந்து இந்த இசை. 'பிள்ளை ஒருத்தரோடும் கதைக்கிறதில்லை' என்று சகோதரி கண்கலங்கினார். மூத்தவன் என்ற உரிமையில் நான் கதவைத் தட்டி, இந்த இரைச்சலை நிறுத்து என்று கடிந்தேன். அவன் கோபிக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, 'இது சத்தமில்லை மாமா. இவர் தனக்கு என்ன வருத்தமெண்டு சொல்லுறார்' என்றான்.

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'வருத்தம்' என்றால் நோய். 'அவருக்குக் கடும் வருத்தம்' என்றால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று பொருள். எழுத்துத் தமிழில் அதே சொல் துயரத்தைக் குறிக்கும். பட்லருக்குக் கிடைக்காத சொல் எமது ஊர்க் கிழவிகளின் வாயில் புழங்கிய சொல்தான் போலும். ஆனால் சொல் இருந்து என்ன பயன்? எத்தனையோ இளைஞர்களின் மரணத்தை 'தனிப்பட்ட பிரச்சினை காரணமாக' என்ற ஒரு தொடரில் முடித்து நானே செய்தி எழுதியிருக்கிறேன். மருமகன் பிறகு வைத்தியரிடம் போனான், சுகமாக இருக்கிறான். அவனை அனுப்பி வைத்தது நானல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேர்மிங்ஹாம் இளைஞர்களிடம் திரும்புவோம். இசைத்தட்டு நிறுவனத்தார் பதிவுகளைக் கேட்டவுடனேயே தனியாக வெளியிடத் தக்கது எதுவெனக் கண்டுகொண்டனர். 1970 கோடையில் 'பரனோயிட்' தனி இசைத்தட்டாக வெளிவந்து, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் 61ஆம் இடத்துடன் நின்றுவிட்டது. தனிப்பாடலின் வெற்றியைப் பயன்படுத்திக்கொள்ள நீள இசைத்தட்டின் பெயரும் 'பரனோயிட்' என மாற்றப்பட்டது. அமெரிக்கச் சந்தையில் யுத்த எதிர்ப்புத் தலைப்புச் சிக்கலை உண்டாக்கும் என்ற அச்சமும் ஒரு காரணமென்று கூறப்படுவதுண்டு. பெயரை மாற்றியவர்கள் உறையை மாற்றவில்லை. ஆகவே வாளேந்திப் பாயும் அந்தப் போர்ப்பன்றி, தனக்குச் சம்பந்தமேயில்லாத தலைப்பின் கீழ் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறது. படமும் தலைப்பும் மாறி அச்சேறிய பக்கங்களுக்காக வசவு வாங்கிய அனுபவமுள்ள எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். இசைத்தட்டு பிரித்தானியாவில் வெளியான நாள் 1970 செப்டெம்பர் 18. கிற்றார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்ததும் அதே நாளில்தான். அடுத்த மாதம் அது விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அக்குழுவின் இசைத்தட்டு ஒன்று மறுபடியும் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வர 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

வெற்றி அவர்களைக் குழப்பியது. பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றிய பிறகு, கச்சேரிகளுக்குப் பொப்பிசை ரசிகைகள் வந்து கூச்சலிடத் தொடங்கினார்கள். நாம் இதற்காக வரவில்லையே என்று முடிவு செய்து, தனி இசைத்தட்டுகள் வெளியிடுவதையே சில காலம் நிறுத்திவிட்டனர். பிரித்தானியாவில் அடுத்த தனிப்பாடல் 1972இல்தான் வந்தது. விமர்சகர்களோ அவர்களைத் திறமையற்ற தொழிற்சாலைப் பையன்கள் என்ற தோரணையில் நடத்தினர். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகையில் லெஸ்டர் பாங்ஸ் என்ற புகழ்பெற்ற விமர்சகர் முதல் இசைத்தட்டைக் கிழித்தெறிந்திருந்தார். அதே பாங்ஸ் 1972இல் 'கிறீம்' சஞ்சிகையில் அவர்களை நீதியுணர்வு கொண்ட கலைஞர்களாகக் கண்டு நீண்ட கட்டுரை எழுதினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். எழுதியதை மாற்றி எழுதும் துணிவு எமது தொழிலில் அரிது.

மதவாதிகளின் எதிர்ப்பு வேறு. பேய்ப்படத்தின் பெயரும் உறையில் இருந்த தலைகீழ்ச் சிலுவையும் (முதல் இசைத்தட்டின் உள்ளுறையில் அதை அச்சிட்டது நிறுவனத்தார், குழுவினரைக் கேட்கவுமில்லை) போதாதென்று, 'பரனோயிட்' பாடலின் கடைசி வரிகளைப் பற்றியும் புகார் எழுந்தது. வாழ்க்கையை அனுபவி என்ற பொருள்தரும் சொற்களைப் பலர், வாழ்க்கையை முடித்துக்கொள் என்பதாகக் கேட்டனர். ஆங்கிலத்தில் அவ்விரண்டும் விரைவாகப் பாடும்போது ஒலியில் நெருங்கியவை. நோயாளி ஒருவன் தன்னைப்போல் ஆகிவிடாதே என்று சொன்ன ஒரேயொரு வாக்கியம், நேரெதிராகக் கேட்கப்பட்டது. பின்னாளில் ஒஸி தனியாகப் பாடிய வேறொரு பாடலுக்காக, மகனை இழந்த பெற்றோர் கலிபோர்னியாவில் வழக்கே தொடுத்தனர். மதுவின் அழிவைப் பற்றிய பாடல் அது. வழக்குத் தள்ளுபடியானது, 1988இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெற்றோரின் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காரணம் தெரியாத மரணத்துக்கு ஒரு காரணம் தேடுவது மனித இயல்பு.

நகரமும் தன் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள நீண்ட காலம் எடுத்தது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னர்தான் பேர்மிங்ஹாமுக்கு இந்த இசை பெருமையாகத் தோன்றியது எனலாம். 2019இல் நகர மையத்தின் புரோட் வீதியில் கால்வாய் மேலுள்ள பாலமொன்றுக்கு பிளக் சபாத் பாலம் என்று பெயரிட்டு, நால்வரின் முகங்களுடன் ஓர் இருக்கையும் அமைத்தனர். 2023இல் பேர்மிங்ஹாம் ரோயல் பாலே நிறுவனம் அவர்களது இசைக்கு நடனமே அமைத்தது. 2022 ஓகஸ்ட் 8ஆம் திகதி அந்நகரில் பொதுநலவாய விளையாட்டு விழா நிறைவுற்றபோது, அறிவிப்பின்றி மேடையில் எழுந்த ஒஸியும் அயோமியும் வாசித்தது 'பரனோயிட்'. அந்த விழாவுக்குச் சென்ற இலங்கைக் குழுவினரில் பத்துப் பேர் காணாமற் போனதே அந்நாட்களில் எமக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பி ஓடிய அவர்களைத் தேடும் செய்திகளுக்கிடையே, நிறைவு விழாவின் இசை எவர் கண்ணிலும் படவில்லை.

2025 ஜூலை 5ஆம் திகதி, நால்வரும் ஒரே மேடையில் கடைசி முறையாகக் கூடினார்கள். இடம் அஸ்டனின் வில்லா பார்க் காற்பந்தாட்ட மைதானம். ஒஸி வளர்ந்த வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். சிறுவனாக இருந்தபோது போட்டி நாட்களில் அங்கு வருவோரின் கார்களைக் காவல் காத்துச் சில்லறை வாங்கியதாக அவர் சொல்வதுண்டு. ஒப்பந்தப் பிணக்கினால் 2017இன் பிரியாவிடைக் கச்சேரியில் இடம்பெறாத பில் வோர்ட்டும் இம்முறை வந்திருந்தார்; நால்வரும் சேர்ந்து வாசித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வருமானம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் சிறுவர் மருத்துவமனைக்கும் சிறுவர் பராமரிப்பு இல்லத்துக்கும் ஒதுக்கப்பட்டது. தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020இல் பகிரங்கமாக அறிவித்திருந்த ஒஸியால் எழுந்து நிற்க முடியவில்லை. சிம்மாசனம் போன்ற கறுப்பு இருக்கையில் அமர்ந்தே பாடினார். அயோமிக்கு 77 வயது. விரல்களில் அதே உறைகள்.

நான்கு பாடல்களே வாசித்தனர். முதலில் 'வோர் பிக்ஸ்'. கடைசியில் 'பரனோயிட்'. இருக்கையை விட்டு எழ முயன்று முயன்று தளர்ந்த அந்த மனிதர், 55 ஆண்டுகளுக்கு முன் காகிதத்தைப் பார்த்துப் பாடியதைக் காகிதமில்லாமல் பாடி முடித்தார். பதினேழு நாட்கள் கழித்து, ஜூலை 22ஆம் திகதி, 76ஆவது வயதில் அவர் காலமானார். ஜூலை 30ஆம் திகதி அவரது பூதவுடலைத் தாங்கிய ஊர்தி புரோட் வீதி வழியாக மெதுவாக வந்து பாலத்தடியில் நின்றது. வீதியின் இருமருங்கிலும் நின்றவர்களில் முதியவர்களும் இருந்தனர், கறுப்புச் சட்டையணிந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருந்தனர்.